ஸ்டாண்ட் சுவிட்சுக்கு 23 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. பெட்ரோல் செலவு இவ்வளவு, கரண்ட் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தீர்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் எழுதியவர் அந்த வண்டியில் ஆடி மாதம் பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை ஒரு தடவை போய்த் திரும்பியிருந்தால், கட்டத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருப்பார். அந்த இரண்டு வரிக்காகவும், ரிப்பேர் என்ற ஒரு பெரிய விஷயத்துக்காகவும்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. பிஸ்கட், சோப்பு, ஊறுகாய் பாக்கெட் விற்கிற ஒரு ஏஜென்சியில் லைனுக்குப் போகிறேன். கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்க வேண்டும், பழைய பாக்கியை வசூலிக்க வேண்டும். வள்ளியூர், வடக்கன்குளம், ராதாபுரம், கூடங்குளம் என்று ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள். பின்னால் சாம்பிள் பெட்டி ஒன்று இருக்கும். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

வண்டி வாங்கியது 2023 மே மாதக் கடைசியில். அப்போது மத்திய அரசின் மானியம் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு (நம் பேச்சில் ஒரு யூனிட்டுக்கு) 15,000 ரூபாய். ஜூன் 1 முதல் அது 10,000 ஆகிறது, அதுவும் ஆலை விலையில் 15 சதவீதத்தைத் தாண்டாது என்று அறிவித்துவிட்டார்கள். கடையில் அன்றைக்குத் தீபாவளிக் கூட்டம். நின்று நாலு கேள்வி கேட்க முடியவில்லை. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. மைலேஜ், தவணை எல்லாம் கேட்டேன், 'ரிப்பேர் ஆனால் எங்கே?' என்று மட்டும் கேட்கவில்லை.

பழைய 100 சிசி பைக் லிட்டருக்கு 55 கொடுத்துக்கொண்டிருந்தது. மாதம் 33 லிட்டர், லிட்டர் நூறைத் தாண்டிய விலையில் 3,300 ரூபாய்க்குக் குறையாது. புதிய வண்டியின் பேட்டரி மூன்றேகால் யூனிட் பிடிக்கும். சார்ஜர் சூடாவதில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் மாதம் 70 யூனிட் ஆகிறது. முன்பு பெட்ரோல் பங்க்குக்குப் போன காசுதான் இப்போது தவணைக்குப் போகிறது. இதுவரை உங்கள் கட்டுரையும் நானும் ஒரே கட்சி.

இனி முதல் வரி. நம் மாநிலத்தில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, படிப்படியாக ஏறும் விலை. என் வீட்டு ரீடிங் எப்போதும் 380 சுற்றித்தான் இருக்கும், பில் ஆயிரத்துச் சொச்சம். வண்டி வந்த பிறகு 522 ஆனது, பில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு அப்போது எட்டு ரூபாய் என்பது தெரியும். கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை விலை போய்விடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தாண்டிய அந்த 22 யூனிட் மட்டுமே எனக்கு 400 ரூபாய் வரை வைத்தது. அப்புறம் வீட்டில் இருந்த இரண்டு பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, குறைந்த கரண்டில் ஓடும் புது மின்விசிறிகள் மாட்டினேன். இப்போது 500-க்குள் நிற்கிறது. அப்படியும் இரண்டு மாதத்துக்கு ஐயாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 'கிலோமீட்டருக்கு 25 பைசா' என்று விளம்பரம் போடுகிறவர்கள் எந்தப் படியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சார்ஜ் போடுவது பற்றியும் ஒரு சங்கதி. என் சார்ஜர் ஒரு மிக்ஸி இழுக்கிற கரண்டைத்தான் இழுக்கும். ஆனால் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், இது ஐந்து மணி நேரம் ஓடும். முதல் நாள் மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "வீட்டுல எர்த்தே இல்லையே அண்ணாச்சி" என்றார். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, அதிலிருந்து போகிற கம்பி சுவருக்குள் எங்கோ முடிந்துவிட்டது. அப்பா கட்டிய வீடு. கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கி, வராந்தாவில் 16 ஆம்பியர் பிளக் தனியாக வைத்தோம். 2,800 ரூபாய் ஆனது. எர்த் இல்லாமல் நாற்பது வருடமாகக் குடியிருந்தோம் என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த வண்டிதான், அதற்கு ஒரு நன்றி. எங்களுக்கு வராந்தாவாவது இருக்கிறது. சென்னையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் என் அக்கா மகன் இதே மாதிரி வண்டி வாங்க ஆசைப்பட்டான். கீழே பிளக் வைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். கழற்றலாம்தான், இருபது கிலோ. தினமும் ஒரு அரிசிப் பையை மூன்று மாடி தூக்க யாரால் முடியும்?

இரண்டாவது வரி, காற்று. வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும், புரட்டாசி வரை விடாது. முப்பந்தல், காவல்கிணறு பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, என் வண்டியில் பேட்டரி சதவீதம் பறக்கும். காலையில் ராதாபுரம் பக்கம் போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். 30 கிலோமீட்டருக்கு 22 சதவீதம்தான் இறங்கியிருக்கும். அட, நல்ல வண்டிதான் என்று தோன்றும். திரும்பும்போது அதே 30 கிலோமீட்டருக்கு 45 சதவீதம் போகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 45-ல் போகிறவனுக்கு எதிரே 35-ல் காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை அவன் 80-ல் போகிறான். பெட்ரோல் வண்டிக்கும் இதே கதைதான். ஆனால் ஒரு டேங்க் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு முழு சார்ஜுக்குக் கம்பெனி சொன்ன 150 கிலோமீட்டர், ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். அங்கே சாம்பிள் பெட்டியும் கிடையாது, காவல்கிணற்றுக் காற்றும் கிடையாது. எனக்கு மார்கழியில் 100 வந்தது, ஆடி எதிர்க்காற்றில் 65.

முதல் வருடம் ஆடியில் ராதாபுரம் தாண்டி 4 சதவீதத்தில் நின்றேன். பக்கத்தில் கார்களுக்கான சார்ஜிங் இடம் ஒன்று இருப்பதாகக் கைப்பேசி காட்டியது. இருந்தாலும் என்ன, அந்தக் குழாய் என் வண்டிக்குப் பொருந்தாது. ஒரு கம்பெனி ஸ்கூட்டருக்கு வைத்த வேகச் சார்ஜர் இன்னொரு கம்பெனி வண்டிக்கும் பெரும்பாலும் சேராது. பெட்ரோல் பங்க்கில் போய் நீ எந்தக் கம்பெனி வண்டி என்று யாராவது கேட்கிறார்களா? என் லைனில் இருக்கிற ஒரு டீக்கடை அக்காதான் காப்பாற்றினார்கள். "அதுக்கென்ன தம்பி, மாட்டிக்கோ" என்று கிரைண்டர் பிளக்கைக் காட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 20 ரூபாய் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்கள், கடைசியில் வடையாகக் கணக்கு முடித்தோம். அன்றிலிருந்து மூன்று கிலோ சார்ஜரைச் சாம்பிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் கிளம்புவது. என் லைனில் 38 கடை. எந்தக் கடையில் பாக்கி நிற்கிறது என்பதோடு எந்தக் கடையில் எர்த் இருக்கிறது என்பதும் எனக்கு இப்போது அத்துப்படி. பாக்கி வைத்திருக்கும் கடைகளில்தான் எர்த் நன்றாக இருக்கிறது, அது ஏன் என்று தெரியவில்லை.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறானே என்று நினைக்காதீர்கள். இடது மணிக்கட்டில் எனக்கு நாலு வருடமாக வலி. ஒரு நாளைக்கு நாற்பது இடத்தில் நின்று கிளம்புகிறவனுக்கு கிளட்ச் பிடித்துப் பிடித்தே கை போய்விடும். இதில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. மூன்றாவது மாதம், சட்டைப் பொத்தான் போடும்போதுதான் வலி இல்லை என்பதைக் கவனித்தேன். என்ஜின் ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்ய வேண்டாம். ஆக்சிலேட்டர் முறுக்கை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்த வேகத்தைக் கொஞ்சம் கரண்டாகத் திருப்பிவிடுவதால், பிரேக் கட்டை இரண்டு வருடம் உழைத்தது. வெயிலில் சிக்னலில் நின்றால் காலில் என்ஜின் சூடு அடிக்காது. கடை வாசலில் நின்று ஆர்டர் எழுதும்போது வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியதில்லை.

சத்தம் இல்லாததில் ஒரு வம்பும் உண்டு. வள்ளியூர் சந்தைக்குள் எனக்கு முன்னால் போகிற பாட்டிக்கு நான் வருவது தெரியாது. ஹாரன் அடித்தால் துள்ளி என் மேலேயே விழுவார். இப்போதெல்லாம் "ஆச்சி, ஓரமா" என்று வாயால் சொல்லிக்கொண்டே போகிறேன். பச்சை நம்பர் பிளேட் போட்ட தள்ளுவண்டிக்காரன் என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

தீயைப் பற்றிக் கட்டுரையில் நாலே வரி எழுதியிருந்தீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் புகை சூழ்ந்து அப்பாவும் மகளும் இறந்துபோன செய்தியை என் மனைவி மறக்கவில்லை. வண்டி வாங்கும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்குப் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியது, 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசியில் இன்னொரு கட்டம். என் வண்டி அதற்குப் பின் வந்தது என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். இருந்தாலும் வீட்டுக்குள் சார்ஜ் போடுவதில்லை. வாசல் கதவை மறித்தும் நிறுத்துவதில்லை. வெயிலில் ஓடி வந்த வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் மாட்டுவேன். பழைய காரீய அமில பேட்டரி போட்ட மலிவு வண்டிகளையும், சொந்தமாக செல் கோத்துக் கொடுக்கிற ஆட்களையும் நான் நம்புவதில்லை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள், வடக்கன்குளத்தில் ஒரு கடையில் ஆர்டர் எடுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினால் நகரவில்லை. திரை எரிகிறது, பேட்டரி 71 சதவீதம், ஏதோ ஒரு எண் மின்னுகிறது. முறுக்கினால் ஒன்றுமே இல்லை. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். என் பழைய பைக்கைப் பதினோரு வருடம் ஓட வைத்தவர். அவரே பைக்கில் வந்து குனிந்து பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "அண்ணாச்சி, இது சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் மாதிரில்லா தெரியுது. ஸ்டாண்ட் போட்டிருக்குன்னு வண்டி நினைக்கி" என்றார். ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பி விழாமல் இருக்க வைத்திருக்கும் பாதுகாப்பு அது, நல்ல ஏற்பாடுதான். தண்ணீர் போய்க் கெட்டிருக்கும் என்றார். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வழி பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இதில் கையை வைக்கவில்லை. "நான் கழத்துனா உங்களுக்கு வாரண்டி போயிரும்லா" என்றார். சொன்னது சரி. வாரண்டிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நாகர்கோவிலில் வண்டி விற்ற கடை அதற்குள் மூடியாகிவிட்டது. மிச்சம் திருநெல்வேலி. டாடா ஏஸ் பிடித்து ஏற்றி அனுப்ப 2,200 ரூபாய். அங்கே ஒரு பையன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "சைடு ஸ்டாண்ட் சென்சார் சார்" என்றான். பட்டறைக்காரர் குனிந்து பார்த்தே சொன்னதுதான். பாகம் இருப்பில் இல்லை, வர வேண்டும். நாலு நாளில் வரும் என்றார்கள். அப்புறம் இலவச எண்ணுக்குப் பேசச் சொன்னார்கள். அந்த எண்ணில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, ஒவ்வொரு தடவையும் புதிதாக, என் சிரமத்துக்கு வருந்தினார். 23 நாள் ஆனது. அந்த 23 நாளும் மச்சானின் பழைய பைக்கில், அவன் முகத்தையும் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் போட்டு லைனுக்குப் போனேன். வாரண்டியில் பாகம் இலவசம். விலை என்ன என்று கேட்டேன். 240 ரூபாய்.

ஓசூரில், கிருஷ்ணகிரியில், ராணிப்பேட்டையில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். என் வண்டி அங்கே செய்ததில்லை என்றாலும் சொல்கிறேன், ஓசூர் வழியாக வருகிற அதே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் எங்கள் ஊர் வழியாகவும் போகிறது. புது ஸ்கூட்டர்களை அடுக்கிய லாரிகள் தெற்கே போவதை டீ குடித்துக்கொண்டே பார்க்கிறேன். வண்டி வருகிற ரோட்டில் ஒரு சுவிட்ச் வர முடியாதா?

வாரண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் பேட்டரிக்கு ஐந்து வருடம் அல்லது 60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. கோவிலுக்குப் போகிறவருக்கு வருடம் முந்தும், என்னைப் போன்றவனுக்குக் கிலோமீட்டர் முந்தும். இப்போதே 54,000 ஓடிவிட்டது. 100 ஓடிய வண்டி இப்போது 86 ஓடுகிறது, அது இயற்கைதான், எனக்கும்தான் முன்புபோல் ஓட முடியவில்லை. ஆனால் அடுத்த ஆடிக்குள் வாரண்டி முடிந்துவிடும். அதன் பிறகு பேட்டரி போனால் புது பேட்டரி வண்டி விலையில் பாதிக்கு வரும். அதிகம் ஓட்டுகிறவனுக்குத்தான் இந்த வண்டி லாபம் என்கிறார்கள். அதிகம் ஓட்டுகிறவனுக்குத்தான் வாரண்டி சீக்கிரம் முடிகிறது. விற்கலாம் என்று ஒரு தரகரைக் கேட்டேன். பெட்ரோல் வண்டிக்கு டயரையும் என்ஜின் சத்தத்தையும் வைத்து விலை சொல்கிறவர், இதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று போய்விட்டார். பேட்டரி எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று ஒரு சான்று கொடுங்கள் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால், அப்படியெல்லாம் கொடுப்பதில்லை என்கிறார்கள். அந்த லேப்டாப்பில் அது தெரிகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வாரண்டி முடிந்த மறுநாள் பட்டறைக்காரர் கைவைக்கலாம். ஆனால் பாகம் அவருக்குக் கிடைக்காது, திரையில் மின்னுகிற எண்ணுக்கு என்ன பொருள் என்ற புத்தகமும் கிடைக்காது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. நல்ல எண்ணம். ஆனால் பாகமும் கையேடும் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயச் சட்டம் வரவில்லை. ஐ.டி.ஐ.களில் மின் வாகன மெக்கானிக் படிப்பு வந்திருக்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் நாற்பது வயதுப் பட்டறைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார முடியாது. திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு வாரம் சொல்லிக்கொடுத்து ஒரு சான்று கொடுத்தால், எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பஸ் ஏறிப் போவார்கள். எங்கள் ஊர்க்காரரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேட்டரிக்குள் அவரைக் கையை விடச் சொல்லவில்லை, அது ஆபத்து, அவருக்கே அது தெரியும். ஸ்டாண்ட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், வயரிங், பேரிங், இந்த மட்டும் போதும். மானியம் வாங்குகிற கம்பெனிகளுக்கு இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். மானியம் என் வரிப்பணமும்தானே.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நாலு பேர் என்னிடம் வாங்கலாமா என்று கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை பெட்ரோல் பைக்குக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது. மின் வண்டிக்கு 2019-லிருந்தே 5 சதவீதம்தான், மானியமோ குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆக, விலை வித்தியாசம் முன்புபோல் இல்லை. வள்ளியூரில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர், வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர், அவரிடம் பழைய பைக்கையே ஓட்டுங்கள் என்றேன். திருநெல்வேலி டவுனில் பால் போடும் தம்பியிடம் நாளைக்கே வாங்கு என்றேன், சர்வீஸ் சென்டர் அவனுக்கு இரண்டு கிலோமீட்டர். மற்ற இரண்டு பேரிடமும் வாங்கப்போகிற கடையில் சைடு ஸ்டாண்ட் சென்சார் ஒன்று இருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பராமரிப்புக்காக மின்தடை செய்யும் ஊர்களின் பட்டியலை மூன்றாம் பக்கத்தில் போடுகிறீர்கள். சில நாட்களில் விளம்பரம் வந்தால் அதை எடுத்துவிடுகிறீர்கள். சினிமாச் செய்தியை வேண்டுமானால் எடுங்கள், அதை எடுக்காதீர்கள். முன்பெல்லாம் மாவு ஆட்டுவதற்காக என் மனைவி பார்ப்பாள். இப்போது அவளுக்கு முன்னால் நான் பார்க்கிறேன்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஏஜென்சி முதலாளியும் உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார். டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நாள், கூடங்குளம் லைன் முடித்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்